முன் என்றால் எங்குட்டு, சகலை?

நான் அளக்கிறதையெல்லாம் முழுசாகக் கேட்டுவிட்டு, கடைசியில் ஒரே ஒரு கேள்வி கேட்டு என்னைக் கவிழ்க்கிற என் அன்புச் சகலைக்கு,

இங்கே எல்லாரும் சுகம். நான் கொஞ்சம் கூடுதல் சுகம். காரைக்குடியில் விசேஷ வீட்டுச் சமையல் என்றால் இன்றைக்கும் என் பேரைத்தான் முதலில் சொல்கிறார்கள். இரண்டாவதாக யார் பேரைச் சொல்கிறார்கள் என்று நான் விசாரித்ததில்லை. போன வைகாசியில் ஒக்கூரில் ஒரு கல்யாணம். நான் வைத்த ரசத்தின் வாசம் பிடித்து, பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தவர்கள் பாதி வழியில் இறங்கிப் பந்தியில் உட்கார்ந்துவிட்டார்கள். நீங்கள் இருந்திருந்தால், "எத்தனை பஸ்ஸு சகல?" என்று கேட்டிருப்பீர்கள். கேட்க ஆளில்லாததால் நானே ஒரு பஸ்ஸோடு நிறுத்திக்கொண்டேன்.

ஆனால் இந்தக் கடிதம் ரசத்தைப் பற்றியது இல்லை. உங்கள் வீட்டுக்காரி சிவகாமி, நீங்கள் செய்து வைத்துவிட்டுப் போன பாடத்திலேயே தோற்றுக்கொண்டு நின்றாளே, அதைப் பற்றியது. உங்களுக்குச் சேதி எட்டியிருக்குமா, இல்லை நான்தான் சொல்ல வேண்டுமா?

இதைப் படிக்கிற மற்றவர்களுக்காக ஒரு வார்த்தை. நானும் அவரும் அக்காள் தங்கையைக் கட்டியவர்கள். நான் அடுப்படி ஆள். எட்டாம் வகுப்பு வரை போனேன். அதற்கு மேல் என்னைத் தாங்கப் பள்ளிக்கூடத்துக்குத் தெம்பில்லை. அவர் செக்காலை ரோட்டில் ஒரு மாடியில் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் பாடம் செய்தவர். போனிலேயே பார்த்துப் படித்து, போனிலேயே பரீட்சை எழுதுகிற ஆன்லைன் பாடம். எழுத்து எவ்வளவு பெரிசாக இருக்க வேண்டும், எந்தப் பொத்தான் எங்கே நிற்க வேண்டும், எங்கே என்ன நிறம், எங்கே ஒன்றுமே வேண்டாம் என்று முடிவு செய்கிறது அவர் வேலை. இது ஒரு வேலையா என்று முதலில் நானும் கேட்டவன்தான்.

உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதா சகலை, கல்யாண மண்டபத்துக்காரர்கள் எல்லாரும் சேர்ந்து, உணவுப் பாதுகாப்புப் பாடம் படித்துச் சான்றிதழ் வாங்காதவன் இனி மண்டபத்து அடுப்பைத் தொடக்கூடாது என்று சொன்ன காலம்? "எனக்கே பாடமா? நான் கிண்டாத அண்டாவா?" என்று ஊருக்கு முன்னால் மீசையை முறுக்கினேன். உள்ளுக்குள் பயந்தது உங்களுக்கு மட்டும்தான் தெரியும். பரீட்சை என்ற வார்த்தையைக் கேட்டாலே நான் பேச்சை மாற்றிவிடுவேன். அந்தப் பாடத்தைச் செய்கிற பொறுப்பு உங்கள் அலுவலகத்துக்கு வந்ததும், முதல் ஆளாக என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தீர்கள். பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டீர்கள். வாயே திறக்கவில்லை.

கை கழுவும் பாடம் வந்தது. நன்றாகக் கழுவினேன். அடுத்த பாடத்துக்குப் போக வேண்டும். அடியில் இரண்டு பொத்தான்: ஒன்றில் 'முன்', ஒன்றில் 'பின்'. நான் 'முன்' அமுக்கினேன். கை கழுவும் பாடத்தின் தொடக்கமே மறுபடியும் வந்தது. மறுபடியும் 'முன்'. மறுபடியும் கை கழுவு. மத்தியானம் முழுக்கக் கழுவினேன் சகலை. என் ரேகையே அழிந்து, ரேஷன் கடைக்காரர் அடையாளம் தெரியாமல் திருப்பி அனுப்பினார் என்று பின்னால் ஊரில் சொல்லிக்கொண்டேன். அதில் பாதி உண்மை.

"ஏன் சகல, இந்தப் பாடத்துல கை கழுவுறதத் தவிர வேற ஒண்ணுமே கிடையாதா?"

"நீங்க 'முன்'ன அமுக்கிக்கிட்டே இருக்கீக."

"முன்னால போகணும்னா முன்னத்தான அமுக்கணும்? பின்ன அமுக்குனா பின்னால போயிராதா?"

"இல்ல சகல. முன்னுன்னா முந்தின பக்கம். பின்னுன்னா பின்னாடி வரப்போற பக்கம்."

"பின்னாடி வரப்போறதப் பாக்க நான் ஏன்யா முன்னாடி போகக்கூடாது?"

நீங்கள் போனை வாங்கி அந்த இரண்டு எழுத்தையும் பார்த்துக்கொண்டே இருந்தீர்கள். சிரிக்கப் போகிறீர்கள் என்று நினைத்து, பதிலுக்குத் திட்ட ஒரு வார்த்தையைத் தயாராக வைத்திருந்தேன். நீங்கள் சிரிக்கவில்லை.

"தப்பு ஒங்க மேல இல்ல சகல, என் மேல. நான் நேத்து, நாளைன்னு நெனச்சு எழுதியிருக்கேன். நீங்க ரோட்டுல நின்னு வழி கேக்குறீக."

அதுவரைக்கும் என் வாழ்க்கையில் நான் எதில் மாட்டிக்கொண்டு நின்றாலும் மரமண்டை என்று எனக்குத்தான் பேர் வைத்தார்கள். பாடத்தின் மேல் தப்பு இருக்கலாம் என்று சொன்ன முதல் ஆள் நீங்கள். அதற்கு அன்றைக்கு நான் நன்றி சொல்லவில்லை. "பின்ன? எனக்குத் தெரியாதா?" என்றுதான் சொன்னேன். இப்போது சொல்கிறேன், நன்றி.

"வேற என்ன வார்த்தை வைக்கலாம்?" என்று கேட்டீர்கள். "அங்குட்டு, இங்குட்டுன்னு வைங்க. சாக்கோட்டைச் சந்தைக்கு வர்ற ஆளுக்கும் வழி தெரியும்" என்று விளையாட்டுக்குச் சொன்னேன். மறுவாரம் வந்து பார்த்தால் வலது பக்கம் பச்சையில், அடுத்த பக்கத்துக்கு 'அங்குட்டு'; இடது பக்கம் வெளிர் நிறத்தில், முந்தின பக்கத்துக்கு 'இங்குட்டு'. உங்கள் மேலிடத்தில், "இதெல்லாம் பாடத்துக்கு ஏற்ற தமிழா?" என்று முகத்தைச் சுளித்தார்களாம். நீங்கள் வாதாடவில்லை. சமையல்காரர்கள் சிலரைக் கூட்டிவந்து, முன்னும் பின்னும் இருந்த பழைய பக்கத்தைக் கையில் கொடுத்து, மேலிடத்து ஆட்களைப் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டீர்கள். எல்லாரும் கை கழுவிக்கொண்டே இருந்தார்கள். அங்குட்டு நிலைத்துவிட்டது.

அடுத்து நான் சண்டை போட்டது 'வெளியேறு' என்ற பொத்தானோடு. பாடத்தைப் படித்துவிட்டு எழுந்திருக்கப் போனால், சிவப்பு எழுத்தில் வெளியேறு என்கிறது.

"யாரப் பாத்து வெளியேறுங்குது? வீட்டுக்கு வந்த ஆள இப்படித்தான் அனுப்புவீகளா சகல?"

"பின்ன எப்படி அனுப்புறது?"

"நம்ம எப்படிச் சொல்லிக்கிட்டுப் போவோம்? அப்படி."

அந்தப் பொத்தானும் 'போயிட்டு வர்றேன்' ஆயிற்று. இந்த உலகத்தில் எத்தனையோ ஆன்லைன் பாடம் இருக்கும். முறையாகச் சொல்லிக்கொண்டு போக வழி வைத்தது உங்களுடையது ஒன்றுதான் என்று நான் சொல்கிறேன். மறுக்கிறவர்கள் வரட்டும்.

இலை விஷயத்தையும் நான்தான் உங்களுக்குச் சொன்னேன் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறேன். பந்தியில் உட்கார்கிறவன் உப்பு எங்கே, சோறு எங்கே விழும் என்று தேடுகிறானா? இலை நுனி இடது பக்கம், தொட்டுக்கொள்கிறது மேலே, சோறு கீழே, நடுவில் கை புழங்க இடம். அந்த இடத்தை விட்டு வைத்தால்தான் சாப்பாடு. "திரையும் அப்படித்தான சகல?" என்று கேட்டேன். உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும். ஆனாலும், "அட, ஆமா!" என்று புதுசாகக் கேட்கிறவர் மாதிரி சொன்னீர்கள். உண்மையிலேயே புதுசாகத்தான் கேட்டீர்களா? இந்தச் சந்தேகம் எனக்கு இன்னும் தீரவில்லை.

கடைசியாக அந்தச் சத்தம். தப்பான விடையைத் தொட்டால் திரை முழுக்கச் சிவப்புப் பெருக்கல் குறி, கூடவே 'டொய்ங்' என்று ஒரு ஓசை. அடுப்படியில் வைத்துப் படித்துப் பார்த்தேன். காய் நறுக்குகிறவர்கள் எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். போனைத் தூக்கிச் சாம்பாருக்குள் போட்டிருப்பேன். அன்றைக்குச் சாம்பார் நன்றாக அமைந்திருந்ததால் தப்பித்தது. அதை உங்களிடம் சொன்னேன். மறுமுறை டொய்ங் இல்லை. உங்கள் கட்டைக் குரல் வந்தது: "பரவாயில்ல. இன்னொரு தடவை பாத்துக்குவோம்."

"அப்ப சரியாச் சொன்னா? அதுக்கும் ரெண்டு வார்த்தை பாராட்டிப் பேசலாம்ல?"

"அதுக்கு ஒரு சின்ன மணிச்சத்தம் போதும் சகல. சரியாச் சொன்னவுகளுக்குத் தொணை தேவையில்ல. தப்பாச் சொன்னவுகளுக்குத்தான் பக்கத்துல ஆளு வேணும்."

இந்த வார்த்தை பின்னால் என்ன பாடு படுத்தப் போகிறது என்று உங்களுக்குத் தெரியுமா?

நான் பாஸானேன். கொப்புடையம்மன் தேர் நிலைக்கு வந்த மாதிரி கடைவீதியே திரண்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். சான்றிதழைச் சட்டம் போட்டு அடுப்படியில் மாட்டினேன். உங்கள் மதினி, அதாவது என் வீட்டுக்காரி, "தாளிக்கும்போது தெறிக்கும், தள்ளி மாட்டுங்க" என்றாள். தெறிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அப்புறம் ஐப்பசி மழையில் ஒரு நாள் காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தீர்கள். ஆஸ்பத்திரிக்குப் போகிறதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. இதில் ஒட்டிச் சேர்த்துச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை.

தை பிறந்ததும் சிவகாமி வேலைக்குப் போகிறேன் என்றாள். என்னோடு சமையலுக்கு வா என்று கூப்பிட்டேன். "ஒங்க நெழல்ல எத்தனை நாளைக்கு அத்தான்? என் கையால ஒரு அடுப்பு வேணும்" என்றாள். சிவகங்கையில் ஒரு பெண்கள் விடுதியில் சமையல் பொறுப்பு காலியாக இருந்தது. அவள் வைத்த மீன் குழம்பை ருசி பார்த்தவர்கள் மறுபேச்சுப் பேசவில்லை. ஒரே ஒரு நிபந்தனை, உங்கள் பாடத்துச் சான்றிதழ் வேண்டும். மாசக் கடைசி வரைக்கும் இடத்தை வைத்திருக்கிறோம், அதற்கு மேல் முடியாது என்றார்கள்.

எழுதினாள். தோற்றாள். மறுபடி எழுதினாள். மறுபடி தோற்றாள். பத்தாம் வகுப்பு நல்லபடியாகத் தேறியவள், என்னைவிட நாலு மடங்கு சுத்தமாகச் சமைக்கிறவள், நான் பாஸான பரீட்சையில் தோற்கிறாள். எனக்கு ஒன்றும் ஓடவில்லை. மாசம் கரைந்துகொண்டிருந்தது.

எனக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதானே? தப்பு ஆள் மேல் இல்லை, பாடத்தின் மேல். நேரே செக்காலை ரோட்டு மாடிக்கு ஏறினேன். உங்கள் நாற்காலியில் இப்போது நிஷா என்று ஒரு பொண்ணு உட்கார்ந்திருக்கிறது. உங்களிடம் வேலை பழகிய பொண்ணுதான்.

"எழுத்தப் பூராவும் பெரிசாக்கு தாயி. ஃபிளெக்ஸ் போர்டு மாதிரி. எல்லாப் பொத்தானுக்கும் செவப்பு, சுத்தித் தங்கக் கரை. நான்தான் இந்தப் பாடத்துக்குப் பாதி வாத்தியாரு, தெரியும்ல?"

"தெரியும் ஐயா. ஆனா எல்லாத்தையும் பெரிசாக்குனா எதுவுமே பெரிசாத் தெரியாது. பந்தியில எல்லாரும் ஒரே நேரத்துல கத்துனா, யாருக்கு ரசம்னு ஒங்களுக்குத் தெரியுமா?"

என்னிடமே பந்தியைக் காட்டி மடக்கிவிட்டது. சரி என்று உட்கார்ந்தேன்.

"அவுக பரீட்சை எழுதும்போது பக்கத்துல உக்காந்து பாத்தீகளா?"

"பாத்தேனே. எது சரி, எது தப்புன்னு சொல்லிக்கிட்டேதான் இருந்தேன்."

"அது இல்ல ஐயா. வாயத் தொறக்காம."

"வாயத் தொறக்காமன்னா?"

"சாரு எங்களுக்கு அப்படித்தான் சொல்லிக்குடுத்தாரு. ஒங்களத்தான் சொல்லுவாரு. எங்க சகல முன்னும் பின்னும் தெரியாம நின்ன மத்தியானம் நான் வாயத் தொறக்காமப் பாத்துக்கிட்டிருந்தேன், அன்னைக்குத்தான் எனக்கு என் வேலையே புரிஞ்சுச்சுன்னு."

அப்படியா சொன்னீர்கள் சகலை? இதை என்னிடம் ஒரு நாள் சொல்லியிருந்தால் நான் எவ்வளவு பெருமை அடித்திருப்பேன். அதனால்தான் சொல்லவில்லையோ?

அன்றைக்குச் சாயங்காலம் உங்கள் வீட்டுக்குப் போனேன். "ஒங்க வாயக் கட்டிப்போட்டுட்டு உக்காருங்க, அவ பாஸாயிருவா" என்று என் வீட்டுக்காரியும் சொல்லித்தான் அனுப்பினாள். சிவகாமி பரீட்சையைத் திறந்தாள். நான் துண்டை எடுத்து வாயில் பொத்திக்கொண்டேன். என் வயசுக்கு நான் தூக்காத பாரமில்லை. இது மாதிரி ஒன்றைத் தூக்கியதில்லை.

கறியை எந்தச் சூட்டில் வைக்க வேண்டும் என்ற கஷ்டமான கேள்வி. பட்டென்று சரியாகத் தொட்டாள். மணிச்சத்தம். மிஞ்சின குழம்பை எப்படிச் சூடு பண்ணுவது? சரி. மணிச்சத்தம். பச்சைக் கறியும் வெந்த கறியும் ஒரே பலகையிலா? சரி. எழுத்து தெரிகிறது, பொத்தான் தெரிகிறது, வழி தெரிகிறது. எனக்குக் குழப்பம் கூடிப்போனது.

அடுத்து, சமைக்கத் தொடங்குவதற்கு முன்னால் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டது. கை கழுவணும். பச்சைப் பிள்ளைக்குத் தெரியும். நம் சிவகாமி யோசிக்கக்கூட இல்லை. வேண்டுமென்றே தப்பான விடையில் விரலை வைத்தாள்.

"பரவாயில்ல. இன்னொரு தடவை பாத்துக்குவோம்."

போனைக் காதோடு வைத்துக்கொண்டாள். கண்ணை மூடிக்கொண்டாள். மறுபடியும் தப்பாகத் தொட்டாள்.

"பரவாயில்ல. இன்னொரு தடவை பாத்துக்குவோம்."

துண்டு என் வாயில்தான் இருந்தது. 

அவளேதான் பேசினாள். "கல்யாண வீடியோவுல மேளச்சத்தம்தான் கேக்குது அத்தான். போன்ல எல்லாமே எழுதி எழுதித்தான் அனுப்புவாக, ஒரு நாள் பேசி அனுப்புனதில்ல. அவுக கொரலு இதுல மட்டுந்தான் இருக்கு. பாஸாயிட்டா இந்தப் பாடம் மூடிரும்ல?"

ஆமாம். பாஸானவர்களுக்குப் பாடம் மூடிவிடும். என்னுடையதும் மூடிவிட்டது. தப்பாகச் சொன்னால்தான் பக்கத்தில் ஆள் வேண்டும் என்றீர்களே. அவள் பக்கத்தில் ஆள் வேண்டும் என்று தப்பாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். பாடத்தின் மேலும் தப்பில்லை, அவள் மேலும் தப்பில்லை. இதற்கு எந்தப் பொத்தானை மாற்றுவது?

என் வாய் தானாகத் திறந்துகொண்டது. "ஏத்தா, கடைசிப் பக்கத்துல அவுக இன்னும் ஒண்ணு பேசியிருக்காக. அது ஒனக்குத் தெரியாதுல்ல?"

"என்ன பேசியிருக்காக?"

"அதப் பாஸானவுகதான் கேக்கணும். நான் கேட்டவன். என் வாயால சொல்ல மாட்டேன்."

சகலை, உங்களிடம் மட்டும் சொல்கிறேன். கடைசிப் பக்கத்தில் உங்கள் குரல் ஏதோ கேட்டது நிஜம். ஆனால் நான் பாஸான சந்தோஷத்தில் போட்ட கூச்சலில் ஒரு வார்த்தைகூட என் காதில் ஏறவில்லை. 'சான்றிதழைப் பத்திரமாக வையுங்கள்' என்பது மாதிரி ஏதாவது சொல்லியிருந்தீர்கள் என்றால்? அவள் பரீட்சையை மறுபடி முதலிலிருந்து தொடங்கி, கேள்வி கேள்வியாகச் சரியாகத் தொட்டுக்கொண்டு போனாள். ஒவ்வொரு மணிச்சத்தத்துக்கும் நான் கொப்புடையம்மனுக்கு ஒரு தேங்காய் நேர்ந்துகொண்டேன். அங்குட்டு, அங்குட்டு, அங்குட்டு. ஒரு தப்புகூட இல்லை. கடைசி அங்குட்டில் விரலை வைத்துக்கொண்டு என்னை ஒரு தடவை பார்த்தாள். அமுக்கினாள்.

ஒரு ஜிகினா இல்லை, பட்டாசுப் படம் இல்லை. இளம்பச்சைப் பக்கம். நடுவில் அவள் பேர். சுற்றிலும் கை புழங்குகிற அளவுக்கு இடம். அப்புறம் நீங்கள் பேசினீர்கள்.

"முடிச்சுட்டீக. முடிப்பீகன்னு எனக்குத் தெரியும். அடுப்புக்கிட்டப் பாத்து நில்லுங்க. போயிட்டு வாங்க."

அந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பொத்தான்தான் இருந்தது.

நீங்கள் போன அன்றைக்கு உங்கள் வீட்டிலிருந்து யாரும் சொல்லிக்கொண்டு கிளம்பவில்லை. இழவு வீட்டில் போயிட்டு வர்றேன் என்று சொல்லக்கூடாது என்பது முறை. நானும் செருப்பை மாட்டிக்கொண்டு பேசாமல் நடந்தேன். சிவகாமியும் உங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை, நீங்களும் அவளிடம் சொல்லவில்லை. இத்தனை மாசம் கழித்து அவள் விரல் அந்தப் பொத்தானுக்கு மேலே நின்றது. அப்புறம் தொட்டாள். தொடும்போது வாய்விட்டே சொன்னாள்.

"போயிட்டு வர்றேங்க."

நான் எழுந்து வாசலுக்கு வந்துவிட்டேன். கண்ணில் ஏதோ விழுந்துவிட்டது. அந்தத் தெருவில் எப்போதும் புழுதி.

மறுநாளே நிஷாவிடம் போய் நின்றேன். "வர்றேன்னு சொல்ல வச்சுட்டு, வந்தா கதவச் சாத்தி வைக்கலாமா தாயி? இது என்ன மரியாத?" என்றேன். அந்தப் பொண்ணு கம்ப்யூட்டர் பக்கம் திரும்பியது. ஏன், எதற்கு என்று கேட்கவில்லை. இப்போது உங்கள் பாடத்தில் பாஸானவர்கள் எப்போது வேண்டுமானாலும் திரும்ப வரலாம். இது என் கண்டுபிடிப்பு என்று சிவகங்கை வரைக்கும் சொல்லிவிட்டேன். நீங்கள் மறுக்க மாட்டீர்கள் என்ற தைரியம்தான்.

சிவகாமி விடுதி அடுப்பில் நிற்கிறாள். அங்கே பிள்ளைகள் இரண்டாம் தடவை தட்டை நீட்டுகிறார்களாம். உங்கள் குரலை இப்போது அடிக்கடி கேட்கிறாயா என்று கேட்டேன். "தெனமும் இல்ல அத்தான். கேக்க முடியும்ல, அது போதும்" என்றாள். நீங்கள் போன இடத்தில் உங்களுக்குப் பந்தியில் இலையைச் சரியாகத்தான் போடுகிறார்களா? நுனி எந்தப் பக்கம் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

என் மாதிரி எட்டாம் வகுப்பைத் தாண்டாத ஒருவன், எங்கோ ஒரு அடுப்படியில், போனைக் கையில் வைத்துக்கொண்டு முழித்து நிற்பான். அவனைப் பார்த்து மரமண்டை என்று சொல்லாத ஒரு பாடத்தைச் செய்து வைத்துவிட்டுப் போனீர்கள். அதற்கு ஒரு வாக்குத் தருகிறேன். நிஷா எந்தப் புதுப் பாடம் செய்தாலும் முதல் ஆளாகப் போய் உட்காருவேன். எனக்கு அடுத்து உட்கார்கிறவன் பக்கத்தில் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு வாயைத் திறக்காமல் பார்ப்பேன். அவன் எழுந்து போன பிறகு வேண்டுமானால் கொஞ்சம் பேசிக்கொள்கிறேன். அதற்காவது அனுமதி உண்டுதானே?

அன்றைக்குச் சொல்லாமல் நடந்துவிட்டதை இன்றைக்குச் சொல்கிறேன். போயிட்டு வர்றேன், சகலை.

இப்படிக்கு,
உங்களுக்கு மூத்தவளைக் கட்டி, உங்களிடம் பாடம் படித்துப் பாஸான
உங்கள் பெரிய சகலை